பினாங்குக்குக் கப்பலேறிய பிள்ளை

சரித்திரப் பாட புத்தகங்களிலே, "எஞ்சியவர்கள் தீவாந்தரத்துக்கு அனுப்பப்பட்டார்கள்" என்று ஒரு வாக்கியம் வருவதுண்டு. வாத்தியார்களாகிய நமக்கு அந்த வாக்கியத்தின் மேல் அலாதியான பிரியம். அதோடு பாடம் முடிந்துவிடும். மணி அடிப்பதற்கு இரண்டு நிமிஷம் மிச்சமும் கிடைக்கும். பரீட்சையில் அதைப்பற்றி யாரும் கேள்வி கேட்பதில்லை. இருபது வருஷமாகத் திருமங்கலத்தில் சரித்திரம் போதித்து வரும் நாமும் அந்த வாக்கியத்துக்கு அப்பால் ஓர் அடி எடுத்து வைத்ததில்லை.

சென்ற ஐப்பசி மாதத்தில் ஒரு நாள், மருது சகோதரர்களின் பாடம் நடந்துகொண்டிருந்தது. இருவரையும் தூக்கிலிட்டதைச் சொன்னோம். சின்ன மருதுவின் கடைசி மகன் துரைச்சாமி பதினைந்து வயசுப் பாலகன், அவனைப் பினாங்குத் தீவுக்குக் கப்பலேற்றினார்கள் என்றும் சொன்னோம். பிறகு வழக்கம்போல் புத்தகத்தை மூடினோம். பின் பெஞ்சியில் உட்கார்ந்திருந்த ஒரு பையன் எழுந்து நின்றான். வகுப்பில் அதிகம் வாய் திறவாதவன்.

"ஸார், அப்புறம் அந்தப் பையனை யாராவது பார்த்தாங்களா?"

"பாடத்தில் இல்லாததைக் கேட்காதே, உட்கார்" என்று சொல்லிவிட்டோம். சொன்ன மாத்திரத்தில் வெட்கமாய்ப் போய்விட்டது. பையன் தன் வயதுப் பையனைப்பற்றித்தான் விசாரித்தான். அதில் என்ன பிசகு? அன்றிரவு நமக்குத் தூக்கம் சரியாக இல்லை. அதன் பலன்தான் இந்தக் கட்டுரை.

தேடிப் பார்த்ததில், அந்தப் பிள்ளையைப் பார்த்தவர் ஒருவர் இருந்தார் என்று தெரிந்தது. ஒரு முறை அல்ல, பல முறை பார்த்தவர். அவனுடைய தகப்பனார் வீட்டில் விருந்துண்டவர்; பிறகு அவனைக் காவலில் வைத்தவர்; கடைசியில் கடலுக்கு அப்பாலும் அவனைச் சந்தித்தவர். வேடிக்கை என்னவென்றால், அவர் ஒரு வெள்ளைக்காரப் பட்டாளத்து அதிகாரி. பெயர் ஜேம்ஸ் வெல்ஷ். கும்பினிச் சேவகத்தில் ஏறக்குறைய நாற்பது வருஷம் கழித்த அவர், தம் நாட்குறிப்பிலிருந்து எடுத்துத் தொகுத்த இராணுவ நினைவுகளை 1830-இல் இரண்டு பாகங்களாக லண்டனில் வெளியிட்டார். அந்தப் புத்தகம் இல்லாவிட்டால், நம்முடைய பின் பெஞ்சுப் பையனுக்குப் பதில் சொல்ல நமக்கு வகையே இருந்திராது.

முதலில் வெல்ஷ் கண்ட சிறுவயலைச் சொல்ல வேண்டும். 1795-ஆம் வருஷத்தில் அவர் மதுரைப் பட்டாளத்தில் இருந்த இளைஞர். அப்போது சிவகங்கைச் சீமையின் காரியங்களையெல்லாம் நடத்தி வந்தவர் சின்ன மருது. பட்டம் வேறொருவருக்கு இருந்தது. ராணி வேலு நாச்சியாரின் மகளை மணந்த வேங்கன் பெரிய உடையத் தேவர்தான் அரசர். ஆனால் சீமையில் எந்த ஓலையும் மருதுவின் கண்ணுக்குத் தப்பிப் போகாது. அவர் வசித்த அரண்மனை சிறுவயலில் இருந்தது. வாசலில் ஒரு காவற்காரன்கூட இல்லை, யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம், வரலாம் என்று வெல்ஷ் வியந்து எழுதுகிறார். அந்த மனிதர் தலையை அசைத்தால் போதும், ஊர் நடந்துவிடும். அப்படியிருந்தும் எல்லோரோடும் இனிமையாகப் பழகுவார் என்கிறார். மதுரையிலிருந்த வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு அவர் நல்ல அரிசியும் பழங்களும் அனுப்புவாராம். தடித்த தோலுடைய ஒரு பெரிய ஆரஞ்சுப் பழத்தை வெல்ஷ் மறக்கவே இல்லை. அதைப்போல் இந்தியாவில் வேறெங்கும் தின்றதில்லை என்று முப்பத்தைந்து வருஷம் கழித்தும் எழுதுகிறார்!

அண்ணன் பெரிய மருதுவோ ராஜ்ய காரியங்களில் தலையிடாத வேட்டைப் பிரியர். ஆற்காட்டு ரூபாய் நாணயத்தை விரலாலேயே வளைத்துவிடுவார் என்று பேர். தம்பி சின்ன மருது வெல்ஷுக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக் கொடுத்தார். வளரியை நம் பக்கத்து நேயர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மதுரைச் சீமைக் கிழவர்கள் இன்றும் அதைப்பற்றிக் கதை சொல்லுகிறார்கள். பிறை போல் வளைந்த கட்டை. ஒரு முனை கனம், மறு முனை மெல்லிது. கை தேர்ந்தவன் வீசினால் நூறு கஜத்துக்குள் குறி தப்பாது என்று வெல்ஷே சாட்சி சொல்லுகிறார். குருவே சிஷ்யனுக்கு ஆயுதம் தொடுக்கக் கற்பித்த அந்த முற்றத்தில், துரைச்சாமி என்ற சின்னப் பிள்ளையும் ஓடி விளையாடிக்கொண்டிருந்திருப்பான். கணக்குப் பார்த்தால் அப்போது அவனுக்கு எட்டு வயசு.

ஆறு வருஷம் கழிந்தது. 1799 அக்டோபரில் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டுவிட்டு, தென்சீமை அடங்கிவிட்டதென்று கும்பினியார் நிம்மதியாக மூச்சு விட்டனர். 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை சில நாட்களில் மறுபடி எழுந்து நின்றது. மே மாதத்தில் அது விழுந்தபோது அவர் அடைக்கலம் புகுந்த இடம் சிவகங்கை. மருதுவிடம் அவரை ஒப்படைக்கும்படி கேட்டார்கள், மருது மறுத்தார். ஜூன் மாதத்தில் திருச்சிராப்பள்ளிக் கோட்டை வாசலிலும் ஸ்ரீரங்கத்திலும் மருதுவின் அறிக்கை ஒட்டப்பட்டது. ஜாதி பேதமின்றி எல்லோரும் சேர்ந்து அந்நியரை எதிர்க்க வேண்டுமென்று சொன்ன அறிக்கை அது. இவையெல்லாம் பள்ளிப் பிள்ளைகள் நெட்டுருச் செய்த விஷயங்களாகையால் விரிக்கவில்லை.

பாடத்தில் வராத ஒன்றை மட்டும் சொல்லுகிறோம். கும்பினிப் படை ஜூலைக் கடைசியில் சிறுவயலை நெருங்கியபோது, ஊர் எரிந்துகொண்டிருந்தது. எதிரி கையில் சிக்கக்கூடாதென்று ஊரார் தாங்களே தீ வைத்துவிட்டார்கள். காவலில்லாத அந்த அரண்மனை, விருந்து நடந்த கூடம், வளரி வீசிய முற்றம் எல்லாம் அந்தத் தீயில் போயின. அங்கிருந்து காளையார்கோயிலுக்குக் காட்டை வெட்டிச் சாலை போட ஒரு மாதத்துக்கு மேல் பாடுபட்டும் கும்பினியார் முடியாமல் திரும்பினார்கள். கர்னல் அக்னியூ வேறு உபாயம் தேடினார். படமாத்தூர்க் கௌரி வல்லப உடையத் தேவரைச் சிவகங்கைக்கு உரியவர் என்று பிரகடனம் செய்ததும், சீமையில் பிளவு உண்டாயிற்று. காடு செய்த காவலைப் பட்டம் கெடுத்தது. அக்டோபர் முதல் தேதி காளையார்கோயில் விழுந்தது. 24-ஆம் தேதி திருப்பத்தூர்க் கோட்டையில் மருது சகோதரர் இருவரையும், அவர்கள் வீட்டு ஆண்மக்களையும், உடன் நின்றவர்களையும் தூக்கிலிட்டார்கள். ஐந்நூறு பேர் என்று சொல்லுவது அந்தப் பக்கத்து வழக்கம். நவம்பர் 16-ஆம் தேதி பாஞ்சாலங்குறிச்சியில் ஊமைத்துரைக்கும் அதே முடிவு.

வீட்டில் மிஞ்சியது கடைக்குட்டி ஒருவன்.

நாம் திருப்பத்தூருக்குப் போய் வந்தோம். மதுரையில் பஸ் மாறி, மேலூர் வழியாகப் போனால் அரை நாள் காரியம். ஐப்பசியில் அங்கேயும் காளையார்கோயிலிலும் ஜனங்கள் திரளாகக் கூடி மாலை சாத்துகிறார்கள். முடி இறக்குகிறவர்களும் உண்டு. காளையார்கோயில் ராஜகோபுரத்துக்கு மானாமதுரையிலிருந்து வழி நெடுக ஜனங்கள் வரிசையாய் நின்று கைக்குக் கை செங்கல் மாற்றினார்கள் என்று ஒரு கதையைப் பூக்கடைக்கார அம்மாள் நமக்குச் சொன்னாள். மருதுவைப்பற்றி அவளுக்கு அரை மணி நேரம் பேசத் தெரிந்திருந்தது. "அவுக பிள்ளை ஒருத்தரைக் கப்பல்லே ஏத்துனாகளே, தெரியுமா?" என்று கேட்டோம். "அது தெரியாதய்யா. செத்தவுகளுக்குத்தான் இங்கே மாலை" என்றாள். அவள் மேல் குறையில்லை. தூக்கு மேடைக்கு ஓர் ஊர் உண்டு, தேதி உண்டு, சமாதி உண்டு. கப்பலுக்கு அவை ஒன்றும் இல்லை. கண்ணுக்கு மறைந்தவனுக்கு எந்த இடத்தில் விளக்கு ஏற்றுவது?

ஆனால் தேதி இருக்கிறது. 1802 பிப்ரவரி 11. இடம் தூத்துக்குடி. கப்பலின் பெயர் 'அட்மிரல் நெல்ஸன்'. அதில் ஏற்றப்பட்ட கைதிகள் 73 பேர். சிவகங்கை, இராமநாதபுரம், பாஞ்சாலங்குறிச்சி என்று கிளர்ச்சி நடந்த சீமைகளின் முக்கியஸ்தர்கள் அதில் இருந்தார்கள். அரசராயிருந்த வேங்கன் பெரிய உடையத் தேவரும் அதில் ஒருவர், துரைச்சாமியும் ஒருவன். அரசருக்கும் பாலகனுக்கும் ஒரே கப்பல், ஒரே தண்டனை: ஆயுள் முழுவதும் பினாங்கு.

அந்தக் காலத்துத் தூத்துக்குடியில் பெரிய கப்பல்கள் கரையை அணுக முடியாது. கடல் ஆழமில்லாததால் ஐந்தாறு மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். கரையிலிருந்து தோணியில் போய்த்தான் ஏற வேண்டும். விலங்கு பூட்டிய மனிதர்கள் தோணியில் உட்கார்ந்து, கரை சிறுகச் சிறுக மெலிவதைப் பார்த்துக்கொண்டே அந்த ஐந்தாறு மைலும் போயிருக்க வேண்டும். அவர்களில் பலர் வானம் பார்த்த பூமியில் பிறந்தவர்கள். கண்மாயைத் தவிர வேறு பெருநீரைக் காணாதவர்கள். கடல் தாண்டினால் ஜாதியும் போகும், பித்ருக்களுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கிற உரிமையும் போகும் என்று நம்பிய காலம். தூக்குக் கயிற்றைவிடத் தீவாந்தரத்துக்கு ஜனங்கள் அதிகமாய் நடுங்கினார்கள் என்றால், அதில் ஆச்சரியமில்லை.

தூத்துக்குடியில் அந்தக் கைதிகளின் காவல் பொறுப்பு வெல்ஷ் கையில் வந்து சேர்ந்தது. சிறுவயலில் சின்ன மருதுவின் இலையில் உண்டவரிடமே அவருடைய பிள்ளை விலங்கோடு ஒப்படைக்கப்பட்டான். காவலுக்குக் குறைவு வராமல் தம்மால் ஆன சிறு சௌகரியங்களை அவர்களுக்குச் செய்துகொடுத்ததாக வெல்ஷ் எழுதுகிறார். அதை நம்பலாம் என்றே நமக்குத் தோன்றுகிறது. மனிதர் கல் நெஞ்சர் அல்ல, கட்டளைக்குக் கட்டுப்பட்டவர். ஆனால் ஒன்றை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஒரு வருஷத்துக்கு முன்னால் இதே தூத்துக்குடி ஊமைத்துரையின் ஆட்கள் கையில் இருந்தது. அப்போது பாகட் என்ற ஆங்கிலேயரைச் சிறைப்பிடித்துப் பாஞ்சாலங்குறிச்சிக்குக் கொண்டு போனார்கள். அவருடைய மனைவி பின்தொடர்ந்து போய் மன்றாடினாள். ஊமைத்துரை அவரை விட்டுவிட்டார். இதை எழுதி வைத்தவரும் வெல்ஷ்தான். கும்பினியாரின் ராஜ்யத்தில் அப்படி ஒரு பெண் வந்து நின்று கேட்கக்கூடிய கதவு எது?

தூத்துக்குடிக் கடற்கரையில் நாம் ஒரு மாலைப் பொழுது நின்றோம். பிற்பாடு 1906-இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியை ஆரம்பித்தது இந்தத் துறைமுகத்தில்தான். 1908 ஜூலையில் அவருக்கும் தீவாந்தர சிட்சைதான் முதலில் விதித்தார்கள். கடைசியில் கோயம்புத்தூரிலும் கண்ணனூரிலும் சிறை வைத்தார்கள். கப்பல் விட்டவருக்குக் கப்பலேற்றும் தண்டனை என்று அதிகாரிகள் நினைத்தபோது அவர்களுக்குச் சிரிப்பு வந்ததோ என்னவோ! நம்முடைய 73 பேரின் கப்பலுக்குத் திரும்புவோம். 76 நாள் கடலில் கழித்து அது பினாங்கை அடைந்தது. இன்று நம் ஊர்ப் பிள்ளைகள் வேலைக்காக ஆகாய விமானம் ஏறினால், காலைச் சாப்பாடு இங்கே, மாலைக் காபி அங்கே.

தீவாந்தர சிட்சை நமக்கு மட்டும் வந்த கஷ்டம் அல்ல. அதே வருஷங்களில் அதே அரசாங்கம் அயர்லாந்துக்காரர்களையும் கப்பலேற்றிக்கொண்டிருந்தது. அயர்லாந்தில் கிளர்ச்சி எழுந்தது 1798-இல். நமக்கு மூன்று வருஷம் முந்தி. தலைவர்களைத் தூக்கிலிட்டார்கள்; எஞ்சியவர்களை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார்கள். 1788-லிருந்து 1868 வரையில் ஆஸ்திரேலியாவுக்குப் போன கைதிகள் ஏறக்குறைய 1,62,000 பேர். அவர்களில் பெண்கள் சுமார் 25,000. அயர்லாந்துப் பெண்களில் அநேகர் செய்த குற்றம் ஒரு முழம் துணியோ, ஓர் ஆடோ, சிறிது உணவோ திருடியது. ஏழு வருஷம் என்று தண்டனை சொல்லுவார்கள்; திரும்பி வரக் கப்பல் கூலி யார் கொடுப்பார்கள்? ஆகவே ஏழு வருஷமும் ஆயுளும் ஒன்றுதான்.

ஆனாலும் அந்தப் பெண்களில் ஒருத்தியின் வாழ்க்கையை இன்று ஒருவர் தேடத் தொடங்கினால், வழி அடைபட்டுப் போவதில்லை. கப்பலின் கைதிப் பட்டியலில் அவள் பெயர், வயசு, பிறந்த ஜில்லா, குற்றம், தெரிந்த தொழில், உயரம், கண்ணின் நிறம், தழும்பு எல்லாம் இருக்கும். கரையிறங்கிய பின் பாரமட்டாவில் பெண் கைதிகளின் தொழிற்கூடத்தில் நூல் நூற்றாளா, யார் வீட்டில் வேலைக்கு விடப்பட்டாள், எப்போது கலியாணம் செய்துகொள்ள அனுமதி கேட்டாள் என்பதற்கும் தாள் இருக்கும். புறப்படுமுன் அவளுடைய தாயோ புருஷனோ கருணை வேண்டி எழுதிய மனுக்கூட டப்ளின் நகரத்துச் சுவடிச்சாலையில் கிடக்கும். 1988-இல் அயர்லாந்து அரசாங்கம் அந்தத் தீவாந்தரப் பதிவேடுகளைப் பிரதி எடுத்து ஆஸ்திரேலியாவுக்குப் பரிசாகவே கொடுத்தது. பாட்டிக்குப் பாட்டி திருடிப் பிடிபட்டவள் என்று கண்டுபிடித்தவர்கள் அதை மறைப்பதில்லை; பெருமையாக விருந்தாளிகளிடம் சொல்லுகிறார்கள்.

தண்டிப்பதற்காக எழுதின பட்டியல், பேரப் பிள்ளைகளுக்குக் குடும்பப் பத்திரமாகிவிட்டது. பதிவேடு என்றாலே நம் தாலுகாவில் வயசானவர்களுக்கு வேறு ஞாபகம் வரும். குற்றப் பரம்பரைச் சட்டம், ரேகைச் சட்டம் என்று இங்கே பெயர். குற்றமே செய்யாதவர்களிடமும் கைரேகை வாங்கி, இரவில் காவல் நிலையத்தில் படுக்கச் சொன்ன சட்டம். அதை மறுத்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி போலீஸார் சுட்டதில் பதினாறு பேர் மாண்டார்கள்; மாயக்காள் என்ற பெண்ணும் அவர்களில் ஒருத்தி. பிடிபட்டவர்களை விலங்கிட்டு நடத்திக் கொண்டுவந்தது நம் திருமங்கலத்துக்குத்தான். 1947-இல் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது. விரலின் ரேகையை எழுதிக்கொண்டார்கள், மனிதனை எழுதிக்கொள்ளவில்லை. இது வேறு கதை; ஆனால் முழுவதும் வேறு அல்ல.

இனிப் பினாங்கு. 1786-இல் பிரான்சிஸ் லைட் என்பவர் கும்பினிக்காகக் கொடி நாட்டிய தீவு அது. வேல்ஸ் இளவரசர் தீவு என்று பெயரும் வைத்தார்கள். நம் 73 பேர் கரையிறங்கியபோது ஊருக்குப் பதினாறு வயசுதான்; துரைச்சாமிக்கு ஏறக்குறைய ஒத்த வயசு. காடு வெட்டவும் சாலை போடவும் ஆள் தேவைப்பட்டதால் வங்காளத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கைதிகள் அந்தத் தீவுக்கு வந்துகொண்டே இருந்தார்கள். பிறகு அந்த வழக்கம் சிங்கப்பூருக்கும் பரவியது. 1825-இல் பெங்கூலனிலிருந்து அங்கே கொண்டுவரப்பட்ட முதற் கூட்டத்தில் இருந்தவர்கள் சென்னை இராஜதானிக் கைதிகள். இன்று சிங்கப்பூருக்குப் போகிறவர்கள் அண்ணாந்து பார்க்கிற செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும் இந்தியக் கைதிகள் கட்டியதுதான். 1873 வரையில் இது நடந்தது. தூரதேசத்தில் தமிழனுடைய கைவண்ணம் என்று நாம் மார்தட்டும்போது, அந்தக் கைகளில் சில விலங்கு பூண்ட கைகள் என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

ஒரு விஷயம் நம் மனத்தை மிகவும் உறுத்தியது. பினாங்கு அவர்களுக்கு அந்நிய பாஷை பேசும் ஊர் அல்ல! சோழமண்டலக் கரையிலிருந்து போன மரைக்காயர்களும் வியாபாரிகளும் படகோட்டிகளும் அங்கே ஒரு தெருவே அமைத்திருந்தார்கள். காதர் மொகிதீன் என்ற தமிழ் முஸ்லிம் தலைவர் அங்கே கபித்தான் கெலிங் பள்ளிவாசலைத் தொடங்கிய வருஷம் 1801. திருப்பத்தூரில் தூக்குமரம் நட்ட அதே வருஷம். மகா மாரியம்மன் கோயில் 1833-இல் எழுந்தது. ஆகவே, 76 நாள் கடலில் தத்தளித்துக் கரையிறங்கிய பிள்ளையின் காதில் கடைத் தெருவில் தமிழ் விழுந்திருக்கும். நாகப்பட்டினத்து ஆள் ஒருவன் பாக்கு விலை பேசுவதைக் கேட்டிருப்பான். இஷ்டப்பட்டுக் கப்பலேறியவனும் கட்டிக் கப்பலேற்றப்பட்டவனும் ஒரே வீதியில் ஒரே பாஷையில் பேசினார்கள். ஒருவன் அடுத்த பருவக்காற்றில் ஊர் திரும்பலாம். மற்றவனுக்கு எல்லாக் காற்றும் ஒன்றுதான்.

துரைச்சாமி அங்கே மீசை முளைத்து வாலிபனானான். அவனுடைய பெயர் மறுபடியும் ஒரு புத்தகத்தில் ஏற, பதினாறு வருஷம் ஆயிற்று.

1818-ஆம் வருஷம். வெல்ஷ் பினாங்குக்கு வந்திருந்தார். அங்கே ஒரு நாள், உடல் தளர்ந்து நலிந்த ஒரு கிழவர் அவர் முன்னே வந்து நின்றார். வெல்ஷுக்கு அடையாளம் தெரியவில்லை. பெயர் என்னவென்று கேட்டார். வந்தவர் துரைச்சாமி என்றார். அந்தச் சொல் நெஞ்சில் கத்திபோல் பாய்ந்தது என்று வெல்ஷ் எழுதுகிறார். சிறுவயலின் செல்வப் பிள்ளையை, தூத்துக்குடியில் தம் காவலில் இருந்த பாலகனை, அந்த முகத்தில் அவரால் ஒரு கணத்தில் மறுபடி காண முடிந்தது. ஆனால் அந்த ஒரு கணத்துக்கு முன்னால் முடியவில்லை.

தம் சிநேகிதரின் குடும்பத்துக்கு நேர்ந்ததை எண்ணி வெல்ஷ் மனம் வருந்தியது உண்மை. கும்பினிச் சேவகத்தில் இருந்துகொண்டே அந்தப் போரில் எதிர்த்தரப்பின் பெருந்தன்மையையும் வீரத்தையும் மறைக்காமல் எழுதியதற்கு நாம் அவருக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். சிலர் நம்மிடம், "வெள்ளைக்காரன் எழுதினதையா நம்புவது?" என்று கேட்கக்கூடும். நாம் அவரைச் சாட்சியாகவே கொள்ளுகிறோம், நீதிபதியாக அல்ல. தம் எஜமானர்களுக்கு அனுகூலமில்லாத சாட்சியைத் தாமாகவே வந்து சொல்லுகிறவனை எந்தக் கோர்ட்டும் தள்ளிவிடாது. அவர் கொண்டு போய்க் கப்பலேற்றிய 73 பேரில், இரண்டாம் முறை அவர் எதிரில் வந்து நிற்க நேர்ந்ததனால் ஒருவருக்கு மட்டும் நம்மால் இரண்டு தேதி சொல்ல முடிகிறது. சிறுவயல் முற்றத்தில் அவர் வளரி வீசப் பழகாதிருந்தால் அந்த ஒருவரும் இல்லை. அயர்லாந்துப் பெண்ணின் சந்ததியாருக்குக் கிடைத்த அத்தனை தாள்களுக்குப் பதிலாக, நமக்கு வாய்த்தது ஒரு பழைய சிநேகத்தின் ஞாபகம்.

சிவகங்கைப் பக்கத்தில் பழைய வீடுகளில் பரணில் ஓலைக்கட்டுகளும் காகிதக் கட்டுகளும் இன்னும் இருக்கின்றன. பினாங்கிலும் மூன்று நான்கு தலைமுறைத் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. கரையானுக்கு முன்னால் நாம் முந்திக்கொண்டால் நல்லது. கலியாணத்துக்காகவும் வியாபாரத்துக்காகவும் அங்கே போகிற நேயர்கள், கொஞ்சம் மஞ்சளும் காப்பியும் வாங்கித் திரும்புவதோடு நில்லாமல், பெரியவர்கள் இருக்கும் வீட்டில் ஒரு பொழுது உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துப் பார்க்கலாமல்லவா?

திங்கட்கிழமை வகுப்பில் அந்தப் பையனை எழுப்பி நிறுத்தினோம். "நீ கேட்ட கேள்விக்குப் பதில் கொண்டு வந்திருக்கிறோம்" என்றோம். வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. சிறுவயலிலிருந்து தொடங்கித் தூத்துக்குடி, பினாங்கு என்று சொல்லிக்கொண்டே போய், வெல்ஷ் எதிரில் கிழவர் வந்து நின்ற இடத்தில் நிறுத்தினோம். கரும்பலகையில் 1802 என்றும், அதன் கீழ் 1818 என்றும் எழுதினோம்.

"கப்பலேறும்போது பதினைந்து வயசு. வெல்ஷ் பார்த்த அன்றைக்குக் கிழவருக்கு என்ன வயசு? கணக்குப் போடு."

பையன் விரல் மடக்கினான். ஒரு முறை போட்டுவிட்டு, சந்தேகத்தோடு மறுபடியும் போட்டான்.

"முப்பத்தொண்ணு, ஸார்" என்றான். சற்று நின்று, தனக்குத்தானே சொல்லிக்கொள்ளுகிறவன் போல், "எங்கப்பாவுக்கு முப்பத்தெட்டு" என்றான்.